பழைய கணனியின் மின்பெட்டி: பிள்ளைகளின் மாதிரிகளுக்கு 12 வோல்ற்று

கணனி திருத்தும் கடைகளின் பின்புறத்தில் சாம்பல் நிறத் தகரப் பெட்டிகள் சில குவிந்து கிடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர் அகலம், 14 சென்ரிமீற்றர் நீளம், 8.6 சென்ரிமீற்றர் உயரம். ஒரு பக்கத்தில் காற்றாடி, மறுபக்கத்தில் பல நிறக் கம்பிகளின் கற்றை. கணனி பழையதாகிவிட்டால், இந்தப் பெட்டி நல்ல நிலையில் இருந்தாலும் அதனுடன் சேர்த்து ஒதுக்கப்பட்டுவிடுகிறது.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று மின்சாரத்தை வாங்கி, கணனிக்கு வேண்டிய 12, 5, 3.3 வோல்ற்றுகளாக மாற்றிக் கொடுப்பதே இதன் தொழில். கணனி இல்லாமலும் அதே தொழிலை இதனால் செய்ய முடியும். பிள்ளைகள் செய்யும் புகையிரத மாதிரி, காற்றாலை மாதிரி, மணி அடிக்கும் மாதிரி எதற்கும் இது மின்சாரம் கொடுக்கும். மாதிரி விமானம், மாதிரி இரயில் செய்வோர் பலர் இப்பெட்டிகளை இவ்வாறு பயன்படுத்தி வருகிறார்கள்.

ஆனால் இப்பெட்டிக்குள் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு ஒருபுறம் பிள்ளையின் கைக்கு ஏற்ற மின்சாரம். மறுபுறம் பெரியவரையும் கொல்லக்கூடிய மின்சாரம். அந்த எல்லையைத் தாண்டாமல், பெட்டியின் மூடியைக் கழற்றாமல், வெளியே வரும் கம்பிகளை மட்டும் கொண்டு வேலையை முடிக்கும் வழியையே இங்கு எழுதுகிறோம்.

ஏன் இதை எழுதுகிறோம்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. இப்படி இடம்பெயரும் குடும்பம் முதலில் அரிசியையும் கூரையையும் தேடுகிறது. பிள்ளையின் கொப்பி, கருவிப் பெட்டி, அது செய்து வைத்திருந்த சிறு மோட்டார் வண்டி ஆகியவற்றை எவரும் இழப்புக் கணக்கில் எழுதுவதில்லை. பிறகு பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி வரும்போது, "பற்றரி வாங்கக் காசில்லை" என்று அந்தப் பிள்ளை ஒதுங்கி நிற்கிறது.

இலங்கையில் க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. அந்தக் கதவு எமது பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டுமானால், கம்பியையும் மோட்டாரையும் தொட்டுப் பழகிய கைகள் சிறு வயதிலேயே உருவாக வேண்டும். சாதாரண பேனா பற்றரி இரண்டைக் கொண்டு ஓடும் சிறு மோட்டார் சில மணி நேரத்தில் அவற்றைத் தீர்த்துவிடும். பழைய மின்பெட்டியோ இலேசான வேலைக்குச் சுமார் 20 உவாற்று மட்டுமே இழுக்கும். அப்படியாயின் 50 மணித்தியாலம் ஓடினால்தான் மின்மானியில் ஓர் அலகு ஏறும்.

12 வோல்ற்று எமக்குப் புதியதும் அல்ல. மின்சாரம் வராத காலத்தில் கார் பற்றரியைத் தோளில் சுமந்து சென்று, கடையில் சார்ஜ் செய்து, கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி பார்த்த குடும்பங்கள் ஊவாவிலும் பல இருந்தன. அந்தப் பற்றரி தந்ததும் 12 வோல்ற்றுதான்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

சுவரிலிருந்து வரும் ஆடலோட்டத்தைப் பெட்டி முதலில் நேரோட்டமாக மாற்றுகிறது. 230 வோல்ற்று என்பது ஒரு சராசரிக் கணக்கு. அதன் உச்சம் 325 வோல்ற்று. அந்த உச்ச அளவு பெரிய கொள்ளளவிகளில் தேங்கி நிற்கிறது. பின்பு அந்த மின்சாரம் ஒரு செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு சிறிய நிலைமாற்றிக்குள் செலுத்தப்படுகிறது. நிலைமாற்றியின் மறுபுறத்தில் குறைந்த வோல்ற்று வெளிவருகிறது. இவ்வளவு வேகமாக வெட்டுவதால்தான் சிறிய நிலைமாற்றி போதுமாகிறது. பெட்டி இலேசாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

நாம் சொன்ன எல்லை அந்த நிலைமாற்றிதான். அதற்கு அப்பால் உள்ள கொள்ளளவிகள், வயரைக் கழற்றிய பின்பும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். வீட்டின் ட்ரிப் சுவிட்ச் காப்பாற்றும் என்று எண்ண வேண்டாம். மின்சாரம் உடல் வழியாக நிலத்துக்குக் கசியும்போதுதான் அது விழும். கொள்ளளவியின் இரு முனைகளையும் ஒருவர் தொட்டுவிட்டால் அது விழாது. ஆகவே மூடியின் திருகாணிகள் இருந்தபடியே இருக்கட்டும். காற்றாடித் துளைக்குள் கம்பியோ குச்சியோ நுழைக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள்.

பெட்டியைத் தெரிவு செய்தல்

1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற அமைப்பை வெளியிட்டது. அதன் பின் வந்த பெரும்பாலான மேசைக் கணனிகளின் மின்பெட்டிகளில் கம்பி நிறங்கள் ஒரே ஒழுங்கில் இருக்கும். தாய்ப்பலகைக்குச் செல்லும் பெரிய முனையில் 20 அல்லது 24 துளைகள் இருந்தால் அது பெரும்பாலும் ஏ.டி.எக்ஸ். வகை. சில நிறுவனங்கள் தமக்கென வேறு ஒழுங்கு வைத்துள்ளன. எனவே நிறத்தை மட்டும் நம்பாமல் பின்பு மானியாலும் அளக்க வேண்டும். கம்பிகள் எல்லாம் ஒரே கறுப்பு நிறமாக உள்ள புதிய வகைப் பெட்டிகள் புதிதாகப் பழகுவோருக்கு ஏற்றவை அல்ல.

இரண்டு மஞ்சளும் இரண்டு கறுப்பும் கொண்ட சிறிய சதுர முனை ஒன்று தனியாக இருந்தால் நல்லது. 2000ஆம் ஆண்டளவில் வந்த இவ்வகைகளில் 12 வோல்ற்றுப் பக்கம் பலமாக இருக்கும். அதற்கு முந்தியவற்றில் 5 வோல்ற்றுப் பக்கமே பலம். பக்கத்தில் ஒட்டியுள்ள தாளை வாசியுங்கள். 12 வோல்ற்றுக்கு நேரே 10 அம்பியர் என்று இருந்தால் அந்தப் பக்கம் 120 உவாற்று தர வல்லது. மாதிரி வேலைக்கு அது தாராளம்.

பெட்டியை மெல்லக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது கலகலத்தால், கருகிய மணம் வந்தால், எலியோ கரப்பானோ குடியிருந்த அடையாளம் தெரிந்தால், வெள்ளத்திலோ சேற்றிலோ கிடந்திருந்தால், அதை விட்டுவிடுங்கள். காய்ந்து போன சேறும் ஈரத்தை இழுக்கும்.

இன்னொன்று மிக முக்கியம். பல பெட்டிகளின் பின்புறத்தில் 115, 230 என்று எழுதிய ஒரு சிறு சிவப்பு ஆளி இருக்கும். அது 230இல் நிற்க வேண்டும். 115இல் நிற்கும் பெட்டியை எமது மின்சாரத்தில் மாட்டினால் உள்ளே வெடித்துவிடும். சரியான இடத்தில் வைத்தபின் அதன்மேல் பலமாக ஒரு நாடா ஒட்டிவிடுங்கள்.

நிறங்களின் பொருள்

மஞ்சள் 12 வோல்ற்று. சிவப்பு 5 வோல்ற்று. செம்மஞ்சள் 3.3 வோல்ற்று. கறுப்பு இவை எல்லாவற்றுக்கும் பொதுவான மறை முனை. ஊதா, பெட்டி உறங்கும்போதும் விழித்திருக்கும் 5 வோல்ற்று. சாம்பல் நிறம் கணனிக்கு "நான் தயார்" என்று சொல்லும் கம்பி. நீலம் மறை 12 வோல்ற்று. பழைய பெட்டிகளில் உள்ள வெள்ளை மறை 5 வோல்ற்று. சாம்பல், நீலம், வெள்ளை மூன்றும் எமக்குத் தேவையில்லை. முனைகளைத் தனித்தனியே நாடாவால் மூடிவிடலாம்.

எல்லாவற்றுக்கும் திறப்புப் போன்றது ஒரே ஒரு பச்சைக் கம்பி. அதைக் கறுப்புடன் சேர்த்தால் பெட்டி எழும்பும். பிரித்தால் உறங்கும்.

வேலை ஒழுங்கு

முதலில், எதையும் வெட்டாமல் பெட்டியைச் சோதியுங்கள். சீமெந்துத் தரையில் வைத்து, வயர் கழற்றிய நிலையில், பெரிய முனையில் பச்சை உள்ள துளையையும் பக்கத்துக் கறுப்பு உள்ள துளையையும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணையுங்கள். மூன்று ஊசி உள்ள, புவித்தொடுப்பு வேலை செய்யும் செருகியில் மாட்டுங்கள். ஒதுங்கி நின்று ஆளியைப் போடுங்கள். காற்றாடி சுற்றினால் நல்ல அடையாளம்.

புவித்தொடுப்பை இலேசாக எண்ண வேண்டாம். பழைய லயங்களில் ஒரே இணைப்பிலிருந்து பல அறைகளுக்குக் கம்பி இழுத்த இடங்களும், மூன்றாவது ஊசி பெயருக்கு மட்டும் உள்ள இடங்களும் உண்டு. இப்பெட்டியின் தகரம் புவியுடன் சேரும்படியே செய்யப்பட்டது. புவித்தொடுப்பு இல்லாவிட்டால் தகரத்தைத் தொடும்போது விரலில் சுர்ரென்று உணரலாம். உள்ளே பழுது இருந்தால் சுர்ரென்பதோடு நிற்காது. உங்கள் வீட்டில் புவித்தொடுப்பும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சும் இல்லையென்றால், இந்த வேலையைப் பாடசாலையிலோ நல்ல வயரிங் உள்ள பொது மண்டபத்திலோ செய்யுங்கள்.

இரண்டாவது, மானியால் அளவுங்கள். மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வரை, சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும். பழைய பெட்டிகள் சிலவற்றில் 5 வோல்ற்றுப் பக்கத்தில் வேலை ஏதும் இல்லாவிட்டால் 12 சரியாக நிற்காது. சில எழும்பவே மாட்டா. வண்டியில் சுமை இல்லாவிட்டால் மாடு தறிகெட்டு ஓடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 10 ஓம், 10 உவாற்று அளவுள்ள சீமெந்துத் தடையி ஒன்றைச் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே நிரந்தரமாகப் பொருத்துங்கள். அதனூடு அரை அம்பியர் ஓடும், இரண்டரை உவாற்று வெப்பம் வரும். தொட்டால் சுடும். ஆகவே அதைத் தகரத் துண்டில் இறுக்கி, பிளாஸ்ரிக்கும் கம்பித் தோலும் படாமல் வையுங்கள்.

மூன்றாவது, சுவர் வயரைக் கழற்றி, காற்றாடி நின்ற பின்பு, தேவையான கம்பிகளை முனைகளிலிருந்து வெட்டி நிறவாரியாகக் கட்டுங்கள். பெரிய முனையில் ஒரு செம்மஞ்சள் கம்பியுடன் அதே துளைக்குள் மெல்லிய மண்ணிறக் கம்பியும் சேர்ந்து போவதைக் காண்பீர்கள். 3.3 வோல்ற்றைப் பெட்டி அதன் மூலமே அளந்து பார்க்கிறது. அந்த இரண்டையும் பிரிக்காமல் ஒன்றாகவே முறுக்கிவிடுங்கள். பிரித்தால் பெட்டி எழும்பாமல் போகலாம்.

நான்காவது, பச்சையையும் ஒரு கறுப்பையும் ஒரு சிறு ஆளியில் இணையுங்கள். ஊதாவுக்கும் கறுப்புக்கும் இடையே 330 ஓம் தடையியுடன் ஒரு சிவப்பு எல்.ஈ.டி. பொருத்தினால், சுவர் மின்சாரம் உள்ளவரை அது எரியும். சிவப்புக் கம்பிக்கும் கறுப்புக்கும் இடையே அதேபோல் ஒரு பச்சை எல்.ஈ.டி. பொருத்தினால், பெட்டி எழும்பியதும் அது எரியும். இந்த இரு விளக்குகளும் பிள்ளைக்கு நல்ல ஆசிரியர்கள். சிவப்பு மட்டும் எரிந்தால் பெட்டி உறங்குகிறதே தவிர மின்சாரம் போகவில்லை என்பதை அது தானாகவே கற்றுக்கொள்ளும்.

ஐந்தாவது, மஞ்சள், சிவப்பு, செம்மஞ்சள், கறுப்புக் கட்டுகளைத் திருகாணி வைத்த இணைப்புக் கட்டைகளில் பொருத்தி, அவற்றை ஒரு பலகையில் அடித்து, ஒவ்வொன்றின் கீழும் எத்தனை வோல்ற்று என்று பெரிதாக எழுதுங்கள்.

உருகியை மறக்க வேண்டாம்

12 வோல்ற்று உடலைத் தாக்காது என்பதால் பலரும் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். தாக்காது, ஆனால் எரிக்கும். இப்பெட்டியின் மஞ்சளும் கறுப்பும் நேராக முட்டினால் அநேகமாகப் பெட்டி தானாகவே நின்றுவிடும். ஆளியை அணைத்து, சற்றுப் பொறுத்து மீண்டும் போட்டால் எழும்பும். ஆபத்து அரைகுறையாக முட்டும்போதுதான். பெட்டிக்கு 10 அம்பியர் சாதாரணம். பிள்ளை பயன்படுத்தும் மெல்லிய மணிக் கம்பிக்கு அது நெருப்பு. பெட்டி எந்தப் பிழையையும் காணாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும், கம்பி சிவந்து மேசை எரியும். ஆகவே இணைப்புக் கட்டைக்கும் மாதிரிக்கும் இடையே ஒவ்வொரு வோல்ற்றுக்கும் 2 அல்லது 3 அம்பியர் உருகி ஒன்றைப் போடுங்கள். வாகன உதிரிப்பாகக் கடையில் அதற்கான கூடும் கிடைக்கும்.

செய்யக்கூடாத நான்கு

கார் பற்றரியை இதில் சார்ஜ் செய்ய முயல வேண்டாம். 12 வோல்ற்றுப் பற்றரி நிறைவதற்கு ஏறக்குறைய 14 வோல்ற்று வேண்டும். இதனிடம் அது இல்லை. பெட்டி நின்றுவிட்டால் பற்றரியின் மின்சாரம் பின்னோக்கிப் பாயவும் கூடும்.

24 வோல்ற்று பெறலாம் என்று எண்ணி இரு பெட்டிகளைத் தொடராக இணைக்க வேண்டாம். இரண்டின் கறுப்புக் கம்பிகளும் தகரத்துடனும் புவியுடனும் சேர்ந்தவை. இணைத்த கணமே ஒன்று முட்டிக்கொள்ளும். அதைத் தவிர்ப்பதற்காகப் புவிக் கம்பியை வெட்டிவிடுவோரும் உலகில் உண்டு. உயிரைக் காக்கும் கம்பியை வெட்டிப் பெறும் 24 வோல்ற்று எமக்கு வேண்டாம்.

கைத்தொலைபேசியை இதன் 5 வோல்ற்றில் மாட்ட வேண்டாம். அதற்கு அதன் சொந்தச் சார்ஜரே நல்லது.

மழை இடி நேரத்தில் இதைச் சுவரில் மாட்டி வைத்திருக்க வேண்டாம்.

ஒரு மோட்டாரையும் இரண்டு விளக்குகளையும் ஓட்டுவது மட்டுமே நோக்கமானால் இந்தப் பெரிய பெட்டியும் தேவையில்லை. இணைய ரவுட்டருடன் வரும் 12 வோல்ற்று, 1 அம்பியர் சிறு அடப்டர் போதும். பலர் சேர்ந்து பல மாதிரிகளை ஓட்டும் இடத்துக்கே மின்பெட்டி பொருத்தமானது. பத்துக் குடும்பங்களுக்கு ஒரு பெட்டி என்று பொது மண்டபத்தில் வைத்தால் அது நன்கு உழைக்கும்.

என்ன மாதிரிகள் செய்யலாம்?

எமது ஊரிலேயே உலகம் வியக்கும் ஒரு பொறியியல் வேலை இருக்கிறது. 1924 ஏப்ரல் 5ஆம் திகதி புகையிரதம் பதுளைக்கு வந்து சேர்ந்தது. வரும் வழியில் டெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, தான் கடந்து வந்த நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தினூடாகச் செல்கிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்தே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவுக்கு இந்த எண்ணம் பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியாயினும், களிமண்ணாலும் ரெஜிபோமாலும் அந்த மலையைச் செய்து, அதில் ஒரு சிறு இரயிலை ஓட்டிக் காட்டுவது எந்தக் கண்காட்சிக்கும் தகும். பொதுவான மாதிரி இரயில்கள் 12 வோல்ற்று நேரோட்டத்தில் ஓடுபவை. தண்டவாளத்துக்குப் போகும் இரு கம்பிகளை மாற்றினால் இரயில் பின்னோக்கி ஓடும். நேர் 12 வோல்ற்று முழு வேகம் என்பதால், இடையே மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பலகை ஒன்றைப் போடுங்கள். 3 வோல்ற்று விளையாட்டு மோட்டார்களைச் செம்மஞ்சள் கம்பியில் ஓட்டுங்கள். மஞ்சளில் மாட்டினால் சில நிமிடத்தில் கருகிவிடும்.

இரண்டாவது மாதிரி, மலை வெடிப்பு மணி. துணி காயப்போடும் கிளிப் ஒன்றின் இரு வாய்களிலும் செப்புத் தகடு ஒட்டி, இடையில் ஒரு பிளாஸ்ரிக் துண்டைச் செருகுங்கள். மண் மாதிரியில் ஒரு வெடிப்பின் இருபுறமும் இரு முளைகளை அடித்து, ஒன்றில் கிளிப்பையும் மற்றதில் பிளாஸ்ரிக் துண்டை இழுக்கும் நூலையும் கட்டுங்கள். மண் நகர்ந்தால் துண்டு உருவிவரும், கிளிப் மூடும், மணி அடிக்கும்.

மூன்றாவது, மழைமானி. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு 24 மணித்தியால மழை அளவைக் கவனிக்கிறது. 75 மில்லிமீற்றர் விழிப்பு, 100 மில்லிமீற்றர் ஆயத்தம், 150 மில்லிமீற்றர் வெளியேற்றம் என்பவை அதன் படிகள். நேரான பக்கமுள்ள ஓர் உயரமான பாத்திரத்தில் ரெஜிபோம் மிதவை வைத்து, அதன்மேல் செப்புத் தகடு சுற்றிய மூங்கில் குச்சியை நிறுத்துங்கள். நீர் இந்த மூன்று உயரங்களுக்கும் வரும்போது குச்சி மூன்று சோடிக் கம்பி முனைகளைத் தொட்டு, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எல்.ஈ.டி.களை எரிய வைக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் 330 ஓம் தடையி வேண்டும். பாத்திரத்தில் நீர் ஊற்றிப் பார்த்து முனைகளின் இடத்தைச் சரிசெய்யலாம்.

இந்த இரு மாதிரிகளும் படிப்பதற்கானவை. இவற்றை நம்பி இரவில் படுக்க வேண்டாம். பெருமழை இரவில் முதலில் போவது மின்சாரம். மின்சாரம் போனால் இந்தப் பெட்டியும் ஊமையாகிவிடும். உண்மையான எச்சரிக்கைக்கு நிறுவனத்தின் அறிவித்தலையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் நாடுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று இவற்றைக் கண்டால் எந்த அறிவித்தலுக்கும் காத்திராமல் வெளியேறுங்கள். ஆயினும் மழைமானியைத் தன் கையால் செய்த பிள்ளைக்கு 75க்கும் 150க்கும் உள்ள வேறுபாடு வெறும் இலக்கமாகத் தெரியாது. எந்த விளக்கு எரிந்தால் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று அது வீட்டுக்கும் சொல்லிக் கொடுக்கும்.

மிஞ்சும் கம்பியும் பழுதான பெட்டியும்

செப்புக்காகக் கம்பிகளை எரிக்க வேண்டாம். அந்தத் தோலின் புகை நச்சானது. பழைய பெட்டிகளின் பற்றாசில் ஈயம் உண்டு. அந்தச் சாம்பலையும் உடைசல்களையும் லீக்ஸ், கோவாப் பாத்திகளுக்குப் பக்கத்தில் கொட்டினால் மண்ணில் ஈயம் தங்கிவிடும். நிலத்தை இழந்து, கிடைத்த சிறு துண்டில் மீண்டும் பயிரிடும் எம்மக்கள் அதைப் பாழாக்கலாகாது. பழுதான பெட்டிகளை ஒரு சாக்கில் சேர்த்து வைத்து, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள்.

ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு யோசனை. மின்வேலை தெரிந்த ஒருவரையும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரையும் அழையுங்கள். ஒரு பெட்டி, ஒரு மானி, சில உருகிகள், ஓர் ஆளி, ஒரு பலகை போதும். ஒரு சனிக்கிழமையில் வேலை முடிந்துவிடும். சுவரில் மாட்டும் வேலை பெரியவருடையது, பலகையில் மாட்டும் வேலை பிள்ளையுடையது என்று முதல் நாளே பிரித்து விடுங்கள். பெட்டியின் மூடியில் "திறக்காதே" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். அதன் பிறகு பிள்ளைகளை விட்டுவிடுங்கள். எதை ஓட்டலாம் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.